செல்லுக்குள் புகுந்துகொள்ளும் காய்ச்சல்

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பாகூர்ப் பக்கத்து வரப்புகளிலும் ஏரிக்கரையிலும் புல் மண்டிவிடும். மாட்டுக்குப் புல் அறுக்கவும் களை எடுக்கவும் போகிறவர்கள் மேல், கால் மில்லிமீட்டர் அளவுகூட இல்லாத ஒரு பூச்சிக்குஞ்சு ஏறிக்கொள்ளும். இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள் என உடுப்பு இறுகும் இடமாகப் பார்த்துக் கடிக்கும். பெரும்பாலும் வலி இருக்காது. ஏறக்குறைய பத்து நாளில் கடும் காய்ச்சல் அடிக்கும்.

ஸ்க்ரப் டைஃபஸ் எனப்படும் இந்த நோய் புதுச்சேரிக்குப் புதிதல்ல. இங்குள்ள நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர் புதுச்சேரியிலும் தமிழகத்திலும் எலிகளையும் மூஞ்சூறுகளையும் பிடித்து, அவற்றின் மேல் இந்தப் பூச்சிகள் இருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஜிப்மர் மருத்துவர்களும் இந்த நோயைப் பற்றித் தொடர்ந்து எழுதிவருகிறார்கள்.

நோயைத் தருவது, இந்தப் பூச்சி கடிக்கும்போது உடலில் புகும் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா. செல்லுக்கு வெளியே இதனால் பெருக முடியாது. ஆய்வுக்கூடத்தில்கூட உயிருள்ள செல்களில்தான் வளர்க்க வேண்டும்.

ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்லைத் தொட்டதும், அந்தச் செல்லே தன் சவ்வால் கிருமியைச் சுற்றி ஒரு சிறு பையாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பை அமிலமேறிச் செரிமானம் தொடங்குவதற்குள் கிருமி அதைக் கிழித்துக்கொண்டு வெளியேறிவிடும். காசநோய்க் கிருமி பைக்குள்ளேயே இருந்து செரிமானத்தைத் தடுக்கும்; இதன் வழி வேறு. செல் தன் பொருள்களை நகர்த்தப் பயன்படுத்தும் நுண்குழாய்களையும் டைனீன் என்ற புரதத்தையும் பிடித்துக்கொண்டு உட்கருவின் அருகே போய்ச் சேர்கிறது. அங்கே செல்லின் சத்தை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பெருகுகிறது. ஒன்று இரண்டாகப் பல மணி நேரம் ஆகும். பிறகு, செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு மொட்டுவிட்டு வெளியேறி அடுத்த செல்லைத் தேடுகிறது.

ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என எதுவும் பாதிக்கப்படலாம். தட்டணுக்களும் குறையும் என்பதால் டெங்கு என்று நினைத்து நாளைக் கடத்திவிடுவது உண்டு. கிருமி செல்லுக்குள் இருக்கிறது, அதன் சுவரும் வழக்கமான அமைப்பில் இல்லை. அதனால், சாதாரணமாகக் காய்ச்சலுக்குப் போடப்படும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியால் பலன் இல்லை. செல்லுக்குள் ஊடுருவும் டாக்சிசைக்ளின் மாத்திரையை வேளையோடு கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் தணிகிறது.

கடித்த இடத்தில் பலருக்கு, சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். எல்லோருக்கும் இராது. மறைவான இடம் என்பதால் கூச்சத்தில் பெண்கள் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை. பல நேரம் நோய் நழுவிப்போவது இங்கேதான். கழனிக்குப் போய்வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் அக்குள், இடுப்பு, மார்பின் அடிப்பகுதி வரை பார்த்தே தீர வேண்டும்.

முற்றிய நோய்க்கு ஒரு மருந்து போதுமா என்ற கேள்விக்கு 2023இல் விடை கிடைத்தது. வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்தியாவில் 794 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துச் சிரை வழி ஏற்றப்பட்டவர்களில் 33 சதவீதம் பேருக்கே மரணமோ, தீராத காய்ச்சலோ, நீடித்த சிக்கலோ நேர்ந்தது. ஒற்றை மருந்து பெற்றவர்களில் அது 47, 48 சதவீதம்.