அடைப்புக் காலம் இல்லாத சேவை

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. மூடிய மாதங்களில் தஞ்சை டெல்டாவில் வாய்க்கால் தூர்வாரலாம், மதகுகளைப் பழுதுபார்க்கலாம். 1904-ல் கும்பகோணத்தில் தோன்றிய சிட்டி யூனியன் வங்கி போன்றவற்றின் இன்றைய கணினிச் சேவைக்கு அப்படியோர் அடைப்புக் காலம் கிடையாது. 2016-ல் யுபிஐ வந்தபின் நள்ளிரவிலும் பணம் நகர்கிறது. ஓடும்போதே பழுதுபார்க்கும் வசதியை இச்சேவையின் அடித்தளத்திலேயே வைத்தாக வேண்டும்.

இதற்குத் தெளிவான விடை தொலைபேசித் துறையில் கிடைத்தது. 1986-ல் ஸ்வீடனின் எரிக்சன் ஆய்வகத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங் உருவாக்கத் தொடங்கிய எர்லாங் மொழி, பிழை வந்தே தீரும் என்று ஒப்புக்கொண்டு புறப்பட்டது. அதில் வேலைகள் நினைவகத்தைப் பகிராத சிறுசிறு செயல்முறைகளாக ஓடும். ஒன்று முறிந்தால் மற்றவை பிழைக்கும். மேற்பார்வையாளர் எனப்படும் செயல்முறை முறிந்ததை மீண்டும் தொடங்கும். நிரல் தொகுதியின் பழைய பதிப்பும் புதியதும் சிறிது நேரம் சேர்ந்தே இயங்கும். வாட்ஸ்அப் இம்மொழியில்தான் வளர்ந்தது. பிழையே இல்லாமல் எழுதினால் போதாதா என்று கேட்கலாம். 2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்ததை எந்த நல்ல நிரல் தடுத்திருக்கும்? தனியொரு கணினி எவ்வளவு உயர்ந்ததானாலும் போதாது. வேறிடத்தில் இன்னொன்று வேண்டும். பல கணினிகள் இருந்தால் ஒவ்வொன்றாக நிறுத்திப் புதுப்பிக்கலாமே என்பது வலுவான மறுப்பு. பெரும்பாலோர் செய்வதும் அதுவே. ஆனால் அப்போதும் இரு பதிப்புகள் ஒரே கணக்கேட்டைத் தொடுகின்றன. ஆகவே கணக்கேட்டின் அமைப்பை மாற்றும்போது புதிய தகவல் புலத்தை முதலில் சேர்த்து, எல்லாக் கணினிகளும் அதற்கு மாறிய பிறகே பழையதை நீக்க வேண்டும்.