வண்டி செய்யச் சோளத்தட்டை எங்கே?

தை மாதம் ஐந்தாம் நாள் திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் தென்பெண்ணையில் தீர்த்தவாரி காண மணலூர்பேட்டைக்கு வருகிறார். ஆற்றங்கரை ஊர்கள் பலவற்றிலும் அன்று ஆற்றுத் திருவிழா. திருக்கோவிலூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அந்த நாள் சாமி பார்க்கும் நாள் மட்டுமல்ல, பொம்மை வாங்கும் நாளும்தான். மணலில் விரித்த தார்ப்பாயின் மேல் கிலுகிலுப்பை, ஊதல், பலூன், பொட்டுவெடித் துப்பாக்கி, செப்புச் சாமான் எல்லாம் குவிந்து கிடக்கும். ஒரு காலத்தில் அவற்றோடு தகரக் கப்பலும் இருந்தது. தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்ளே எண்ணெய்த் திரியைக் கொளுத்தினால் படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டு தானே சுற்றிவரும்.

அந்தக் கப்பலில் இருந்தது அசலான நீராவி எந்திரம். உள்ளே ஒரு சிறிய தகரக் கொப்பரை, அதிலிருந்து பின்பக்கம் நீளும் குழாய்கள், அவ்வளவுதான். திரியின் சூட்டில் கொப்பரைத் தண்ணீர் ஆவியாகிக் குழாயில் உள்ள நீரை வெளியே தள்ளும். ஆவி குளிர்ந்து சுருங்கியதும் குழாய் மறுபடி நீரை உறிஞ்சும். வெளியேறும் நீர் ஒரே திசையில் பீய்ச்சுகிறது. உள்ளே வரும் நீரோ எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. இந்த வித்தியாசத்தில்தான் கப்பல் முன்னால் போகிறது. தாமஸ் பியோ என்பவர் 1891இல் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை எடுத்தார்.

கடைப் பொம்மை ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் பொருள். மற்ற நாள்களில் விளையாட்டுச் சாமானைக் கொடுத்தவை காடும் கழனியும் ஆறும்தான். எதை எப்போது விளையாடுவது என்பதை அறுவடையும் வெயிலும் காற்றும் முடிவு செய்தன.

சோளம் அறுத்த பிறகு வருவது தட்டை வண்டி. காய்ந்த சோளத்தட்டையின் மேல்தோலை நகத்தால் கீறி, நீளநீளமாக உரித்தால் உள்ளே வெள்ளையாக நெட்டி கிடைக்கும். நெட்டி மெத்தென்று இருக்கும், உரித்த தோல் விறைப்பாக இருக்கும். பசையும் ஆணியும் தேவையில்லை. நெட்டியைத் துண்டு துண்டாக நறுக்கி, தோலைக் குச்சியாகக் கூர்சீவிக் குத்தினால் பிடித்துக்கொள்ளும். பார், நுகத்தடி, சக்கரம், அதன் ஆரக்கால், இழுக்க இரண்டு மாடு, மாட்டுக்குக் கொம்பு என்று முழு வண்டியும் ஒரே செடியிலிருந்து வந்துவிடும். மூக்குக் கண்ணாடி, நாற்காலி, கட்டில் செய்தவர்களும் உண்டு. கம்பந்தட்டையிலும் செய்வார்கள். உரிக்கும்போது தோலின் விளிம்பு பிளேடைப் போல விரலை அறுக்கும் என்பது செய்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

வீட்டில் மாட்டுவண்டி இருந்த பிள்ளை செய்யும் வண்டியில் கடையாணி சரியான இடத்தில் இருக்கும். பார்த்ததைத்தான் கை செய்தது.

சித்திரை, வைகாசியில் நுங்கு. விழுப்புரம், விக்கிரவாண்டிப் பக்கம் பனை மிகுந்த பூமி. திருக்கோவிலூர்ச் சாலையோரங்களிலும் குலைகுலையாக வெட்டி வைத்து விற்பார்கள். சுளையைத் தோண்டித் தின்ற பிறகு மிஞ்சும் வெறுங்கூடான கூந்தல் இரண்டை எடுத்து, நடுவில் ஒரு குச்சியைச் செருகினால் இரண்டு சக்கரமும் அச்சும் தயார். கவைக்கொம்பு ஒன்றை அந்த அச்சில் வைத்துத் தள்ளிக்கொண்டு தெருத் தெருவாக ஓடலாம். இரண்டு மூன்று நாளில் கூந்தல் காய்ந்து சுருங்கும், சக்கரம் ஆடும், வண்டி குப்பைக்குப் போகும். அடுத்த குலை வந்தால் அடுத்த வண்டி.

ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கினால் அதே பனையின் ஓலை காற்றாடியாகும். இரண்டு ஓலைக் கீற்றைக் குறுக்காக மடித்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, குச்சியில் செருகிக் காற்றுக்கு எதிராக ஓடவேண்டும். பூவரச இலையைச் சுருட்டி நுனியைக் கடித்து நசுக்கினால் பீப்பீ. சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட டயர் ஓட்ட வண்டியாகும். கிழிந்த டியூபை வளையமாக நறுக்கித் துணிமூட்டையின் மேல் ஒவ்வொன்றாக மாட்டினால் நன்றாக எகிறும் பந்து கிடைக்கும்.

கோடையில் தென்பெண்ணை வற்றி மணலாகக் கிடக்கும்போது ஆறே விளையாட்டுக் களம். மணலைக் கரைபோலக் குவித்து, அதில் குச்சியை ஒளித்துக் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் ஆடுவார்கள். காலை மணலுக்குள் வைத்து மேலே ஈரமணலை அறைந்து மெல்ல உருவினால் வீடு. பழைய ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி மணலில் இழுத்தால் கறுப்புத் தூள் மயிர் மயிராக ஒட்டிக்கொண்டு வரும். பிள்ளைகள் அதை இரும்புத் தூள் என்பார்கள். மேக்னடைட் என்னும் இரும்புத் தாது அது. மலைப்பாறை சிதைந்து ஆற்றோடு வந்து மணலில் கலந்தது. அந்தத் தூளைக் காகிதத்தில் கொட்டிக் கீழே காந்தத்தை அசைத்தால் தூள் எழுந்து நடக்கும். காந்தப்புலம் என்பதைப் பாடப் புத்தகத்தில் படிக்கும் முன்பே கையில் பார்த்துவிட்ட பிள்ளைகள் இந்த ஆற்றங்கரையில் பலர்.

இதே ஆற்றின் நடுவில்தான் கபிலர் குன்று இருக்கிறது. கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலை ஒட்டி, நீருக்குள் நிற்கும் ஒற்றைப் பாறை. பாரி இறந்த பின் அவன் மகளிருக்கு வாழ்வு அமைத்துக் கொடுத்துவிட்டுக் கபிலர் உயிர்விட்ட இடம் என்பது மரபு. முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்றும் இதைச் சொல்கிறது. கபிலர் பாடியதாக வழங்கும் குறிஞ்சிக்கலியில் ஒரு பெண் தன் தோழியிடம் பழைய கதை ஒன்றைச் சொல்கிறாள். தெருவில் தாங்கள் கட்டிய மணல்வீட்டைக் காலால் கலைத்து, வரிப்பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய ஒரு பையனைப் பற்றிய கதை. அந்தத் தொல்லை இன்றுவரை எந்த மணல் விளையாட்டிலும் மாறவில்லை.

சங்கப் பாட்டில் விளையாட்டுச் சாமானைத் தேடினால் இன்னும் கிடைக்கும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இரண்டு நூல்களில் குழந்தைகளின் தேரைக் காட்டுகிறார். பெரும்பாணாற்றுப்படையில் வருவது தச்சர் வீட்டுச் சிறுவரும் ஆசைப்படும்படி செய்த தேர். பட்டினப்பாலையில் வருவது குதிரை பூட்டாத, மூன்று சக்கரச் சிறுதேர். இன்றும் சாலையோரம் விற்கும் நடைவண்டிக்கும் மூன்று சக்கரம்தான். அதைச் செய்பவரும் பெரும்பாலும் தச்சர்தான். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டங்களில் நடக்கும் மரச்சிற்ப வேலைக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் கதவும் வாகனமும் செதுக்கும் அந்தக் கைகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நடைவண்டியும் பம்பரமும் செய்து தருவது வெகு இயல்பான காரியம்.

கீழடியில் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது சுடுமண்ணாலான வட்டச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. உடைந்த பானை ஓட்டை உரசி வட்டமாக்கிப் பாண்டி ஆடும் பெண்பிள்ளைக்கு அவற்றைக் காட்டினால் விளக்கம் கேட்கமாட்டாள்.

இனி சினிமா. அந்நாளில் தியேட்டரில் படச்சுருள் அறுந்தால் ஆபரேட்டர் கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுவார். அந்தத் துண்டுகள் பையன்களின் கைக்கு வந்து சேரும். நல்ல நடிகர் முகம் உள்ள துண்டுக்குக் கோலிக்குண்டு விலை உண்டு. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள். வினாடிக்கு 24 படம் ஓடும் திரையில் அது முக்கால் வினாடிகூட நிற்காது. ஆனால் வீட்டில் அந்த ஓரடியை வைத்து ஒரு மதியம் முழுக்கப் படம் காட்டலாம். ஃபியூஸ் போன குண்டு பல்பின் அடிப்பாகத்தைப் பக்குவமாக உடைத்து, உள்ளிருக்கும் கம்பியை எடுத்துவிட்டு, தண்ணீர் நிரப்பினால் அது லென்ஸ். வாசலில் ஒருவன் கண்ணாடியைப் பிடித்து வெயிலை இருட்டு அறைக்குள் திருப்புவான். உள்ளே ஒருவன் பல்புக்கு முன்னால் ஃபிலிமைத் தலைகீழாகப் பிடிப்பான். லென்ஸ் படத்தைப் புரட்டிவிடும் என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்ட பாடம். எதிரே கட்டிய வேட்டியில் முகம் நேராக விழும். சூரியன் நகர நகரக் கண்ணாடியையும் நகர்த்த வேண்டும்.

பிறகு டிவி கேம் வந்தது. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983இல் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்ற பெயரில் விற்ற பெட்டி அது. தைவானிலும் சீனாவிலும் செய்த அதன் நகல்கள் 1990களில் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் வரை வந்தன. வாங்க வசதி இல்லாதவர்கள் கடையில் மணிக்கணக்கு வாடகைக்கு ஆடினார்கள். உள்ளே இருந்த வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். 1985இல் வெளியான ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றுக்கே அதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும். அவ்வளவு சிக்கனம் என்பதால் மாரியோவில் வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம்தான், நிறம் மட்டுமே வேறு.

கேசட் ஓடாவிட்டால் எடுத்து ஊதிவிட்டுச் செருகுவது எல்லா வீட்டிலும் நடந்தது. ஊதியதால் பயனில்லை, கழற்றித் திரும்பச் செருகும்போது தொடர்பு சரியாகிவிடும். வாத்து சுடும் விளையாட்டுக்கு ஒரு துப்பாக்கி கூடவே வரும். அதிலிருந்து எதுவும் டிவிக்குப் போகாது. விசையை அழுத்திய கணத்தில் திரை கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கியின் மூக்கில் உள்ள உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். 2006இல் வந்த தி.மு.க. அரசு வீடுகளுக்குக் கொடுத்த 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி குழாய்த் திரை கொண்டது. சொந்த டிவி இல்லாத வீட்டுக்குள்ளும் அது இந்த விளையாட்டைக் கொண்டுவந்து சேர்த்தது.

நகல் பெட்டிகளில் சிலவற்றுக்கு விசைப்பலகையும் இருந்தது. சீனாவின் சுபோர் போன்றவை தட்டச்சுப் பயிற்சியோடு பேசிக் மொழியையும் கேசட்டில் வைத்துத் தந்தன. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் 1964இல் கெமனி, கர்ட்ஸ் இருவரும் கணக்குப் படிக்காத மாணவருக்கும் எளிதாக இருக்கட்டும் என்று உருவாக்கிய மொழி பேசிக். பத்து வரி தட்டினால் திரையில் ஒரு புள்ளி நகரும், பெயர் மின்னும். பல மாதிரிகளில் எழுதியதைச் சேமிக்க வழியில்லை. மின்சாரம் போனால் எல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டும். இந்தியப் பள்ளிகளில் இதற்கு முன்பே, 1984இல், ‘கிளாஸ்’ திட்டத்தின் வழியே பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. அவை முதலில் தேர்ந்தெடுத்த சில நூறு பள்ளிகளுக்குப் போயின.

திருக்கோவிலூர் போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள கிராமத்து வீடுகளில் முதல் கணினி என்பது பெரும்பாலும் அரசுப் பள்ளியில் தந்த மடிக்கணினிதான். 2011 செப்டம்பர் 15இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் அது. அந்த மடிக்கணினியில் விண்டோஸோடு, தமிழில் பயன்படுத்தக்கூடிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அக்காவின் மடிக்கணினியில் தம்பி படம் வரைந்தான், பாட்டுக் கேட்டான், விளையாடினான். கணினியைத் தொட்டுக் கெடுத்துப் பழக ஒரு தலைமுறைக்கு அந்தத் திட்டம் இடம் கொடுத்தது. அதன் பெருமையைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

பழைய விளையாட்டெல்லாம் கைப்பேசியால் அழிந்தது என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி மூலப்பொருளின் கதை. சோளமும் கம்பும் விளைந்த கொல்லைகள் பலவற்றில் இன்று கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் நிற்கின்றன. அறுவடை எந்திரம் நுழைந்த காட்டில் முழுத்தட்டை மிஞ்சுவதில்லை. பனை செங்கல் சூளைக்குப் போனது. ஆற்று மணல் லாரியில் போனது. தியேட்டர்கள் 2010களில் டிஜிட்டலுக்கு மாறியதும் ஃபிலிம் துண்டு நின்றுபோனது. எல்இடி வந்ததும் குண்டு பல்பு நின்றது. குழாய்த் திரை போனதால் வாத்துத் துப்பாக்கியும் செத்தது. தட்டைத் திரை படத்தைக் காட்டச் சற்றே தாமதிக்கும், அதற்குள் உணரி பார்க்க வேண்டிய கணம் கடந்துவிடும். இன்று கையில் இருக்கும் திரையில் பேசிக்போல உடனே எழுதிப் பார்க்க ஒரு வெற்று இடம் எடுத்த எடுப்பில் வருவதில்லை. தேடித்தான் நிறுவ வேண்டும். பிள்ளை மாறிவிட்டது என்று சொல்வதற்கு முன், அதன் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன பொருள் கிடக்கிறது என்று பார்ப்பது நியாயம்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் அர்விந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு, 1970களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் திட்டத்துக்குப் போனவர். அங்கே சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு டியூபைத் துண்டாக்கி, தீக்குச்சிகளை அதில் செருகி முக்கோணமும் கனசதுரமும் செய்யக் கற்றுக்கொடுத்தார். பழைய பொருள் கிடைக்காவிட்டால் அவர் அழுதுகொண்டிருக்கவில்லை. உறிஞ்சுகுழல், தண்ணீர் பாட்டில், பழைய செய்தித்தாள் என்று அந்தந்தக் காலத்தில் குப்பையில் விழுவதை எடுத்துப் பொம்மை செய்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

திருக்கோவிலூர்ப் பள்ளி ஒன்றில் இதைச் செய்ய எதுவும் தடையில்லை. பிளாஸ்டிக் பாட்டில் மூடி நான்கும் ஓர் அட்டைப்பெட்டியும் இருந்தால் வண்டி ஓடும். பழுதான டிவிடி பிளேயரைக் கழற்றினால் சிறிய மோட்டார் கிடைக்கும். உருண்டையான கண்ணாடிக் குப்பி கிடைத்தால் அதில் தண்ணீர் ஊற்றி லென்ஸ் ஆக்கலாம். மரவள்ளி இலைக் காம்பை ஒன்றுவிட்டு ஒன்றாக ஒடித்து மாலை கோக்கும் விளையாட்டுக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்றும் பஞ்சமில்லை.

நுங்கு வண்டிக்கு மட்டும் காத்திருக்க வேண்டும். தமிழக அரசு 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகளை நடும் திட்டத்தை அறிவித்தது. மாவட்ட ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்றும் சொன்னது. பனை காய்க்கப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் ஆகும். அன்று ஏரிக்கரையில் ஊன்றிய விதைகளில் பிழைத்தவை 2030களிலோ அதற்குப் பிறகோதான் முதல் குலை தள்ளும்.