கறை மறைந்தால் போதுமா?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். இத்தகைய துறைகளில் மூளையிலிருந்து வெட்டியெடுத்த கட்டி எந்த வகைச் செல்லிலிருந்து பிறந்தது என்று அறிய, நோயியல் ஆய்வகங்கள் இன்று தேடும் புரதங்களில் ஒன்று ஜி.எஃப்.ஏ.பி. நட்சத்திர வடிவ அஸ்ட்ரோசைட் செல்களின் அடையாளம் அது; 432 அமினோ அமிலங்களால் ஆனது. அதைத் தேடிப் பற்றுவது ஆன்டிபாடி. புரதத்தையோ அதன் ஒரு துண்டையோ முயலுக்கோ வெள்ளாட்டுக்கோ செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து ஆன்டிபாடியைப் பிரித்தெடுக்கலாம். ஆன்டிபாடி பற்றிய இடம் நுண்ணோக்கியில் பழுப்புக் கறையாகத் தெரியும். ஆனால் அது பற்றியது நாம் தேடும் புரதத்தைத்தானா?

இதைச் சோதிக்க ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துவது தடுப்புப் பெப்டைடு. ஆன்டிபாடியை உருவாக்க விலங்குக்குச் செலுத்திய அதே துண்டைத் தனியாகத் தயாரித்து, திசுவில் இடுமுன் ஆன்டிபாடியோடு கலந்து ஊறவைப்பார்கள். இரு கைகளும் நிறைந்தவர் வேறொன்றைப் பிடிக்க முடியாததுபோல, அந்த ஆன்டிபாடி திசுவில் எதையும் பற்றாது. பெப்டைடு சிறியது என்பதால் எடையில் 5 மடங்கு சேர்த்தாலே போதும்: 15 அமினோ அமிலத் துண்டானால், ஓர் ஆன்டிபாடியின் ஒவ்வொரு பற்றிடத்துக்கும் 200-க்கு மேற்பட்ட துண்டுகள் கிடைக்கும். கறை மறைந்தால் சோதனை வெற்றி என்று எழுதிவிடுவது வழக்கம்.

அந்த முடிவை ஏற்க முடியாது. பற்றிடம் நிரம்பிய ஆன்டிபாடி சரியான புரதத்தையும் விடும், அதே சாயல் கொண்ட தவறான புரதத்தையும் விடும். இரண்டிலும் கறை மறையும். நரம்பியல் ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்த கிளிஃபோர்ட் சேப்பர் 2005-இல் இதையே எச்சரித்தார். அப்படியானால் சோதனையே வீணா? இல்லை. பெப்டைடு சேர்த்தும் கறை மறையாவிட்டால், அது அந்தப் பற்றிடத்தால் வந்ததல்ல என்று தெரிந்துவிடும். பொய்யை வெளிப்படுத்த இந்தச் சோதனை உதவுகிறது. உண்மைக்குச் சான்றளிக்கத்தான் அதனால் முடியாது. அதைவிட வலுவான சோதனைக்கு, ஜி.எஃப்.ஏ.பி. மரபணு நீக்கிய எலிகள் 1995 முதலே உண்டு. அந்தப் புரதமே இல்லாத அவற்றின் மூளையில் கறை தெரிந்தால் ஆன்டிபாடி ஏமாற்றுகிறது என்று பொருள். மனிதத் திசுவில் மரபணுவை நீக்க முடியாதே என்பது நியாயமான ஆட்சேபம். அங்கே அதே புரதத்தின் வேறொரு பகுதியைப் பற்றும் இரண்டாவது ஆன்டிபாடியும் அதே செல்களைக் காட்டுகிறதா என்று பார்க்கலாம். செலவு கூடும்தான். சிறிய ஆய்வகம் பெப்டைடிலேயே தொடங்கட்டும். ஆனால் கறை மறைந்த படத்தை மட்டும் வைத்து, அது இன்ன செல்தான் என்று அறிக்கை எழுதக் கூடாது.