கொடைக்கானலில் காய்க்கும் ஸ்ட்ராபெரி, வெள்ளகோவில் மாடியில் ஏன் வெறும் கொடியாக ஓடுகிறது?

முருங்கை கொத்துக்கொத்தாய்க் காய்க்கும் ஊரில் ஸ்ட்ராபெரி மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது? பகல் வெயிலை மட்டும் குறை சொல்லாதீர்கள். இரவையும் கவனியுங்கள்.

பகலில் இலை சர்க்கரை சமைக்கிறது. இரவில் செடி மூச்சுவிட அதையே எரிக்கிறது. புழுக்கமான இரவென்றால் எரிப்பும் அதிகம். பகல் கூலியை ராத்திரியே செலவழிக்கும் வீடு போல. பழத்துக்கு மிச்சம் ஏது?

இன்னொன்றும் உண்டு. பகல் நீண்டு, சூடும் ஏறினால் செடி மொட்டு வைக்காமல் ஓடுகொடி விடும். பகல் குறுகி, இரவு குளிர்ந்தால்தான் பூ. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலுக்கு அந்தக் குளிர் எளிது.

நீங்கள் ஐப்பசியில் நடுங்கள். குருத்து மண்ணில் புதைந்தால் அழுகிவிடும். மதியத்துக்கு நிழல்வலை கட்டுங்கள், ஓடுகொடிகளைக் கிள்ளுங்கள். மார்கழி, தையில் சில பழங்கள் பறிக்கலாம். சித்திரை வெயிலில் எதிர்பார்க்காதீர்கள்.