மாமல்லபுரக் கரையில் ஒதுங்கும் விதைகள்

கோவளம் தொடங்கி மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியே பாலாற்று முகத்துவாரம் வரை, அலை ஏறி இறங்கிய இடத்தில் சருகும் சுள்ளியும் ஒரு கோடாகக் கிடக்கும். கடல் சேர்த்த விதைகளை அந்தக் கோட்டில்தான் தேட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஆறும் உப்பங்கழியும் கடலில் கலக்கும்போது அது தடிக்கும். அப்போது கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது வடக்கே திரும்பும். ஆகவே, விதை கிடைத்த மாதத்தைக் குறித்துவைத்தால்தான் அது வந்த திசையை ஊகிக்க முடியும்.

பெயர் தேடுமுன், அது எதனால் மிதக்கிறது என்று பார்ப்பதே சரியான வழி. தேங்காய், நாட்டு வாதுமை, காட்டரளி ஆகியவற்றை மிதக்கவைப்பது நார். தோல் அழுகிப்போன காட்டரளிக் காயில் நார்ப்பின்னல் மட்டும் எஞ்சும். உள்ளிருக்கும் பருப்பு இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சு என்பதால் குழந்தைகள் கையில் அதைத் தரவே கூடாது. புன்னைக் கொட்டையில் ஓட்டின் உட்புறத் தக்கை அந்த வேலையைச் செய்கிறது.

இவற்றுள் எளிதில் அடையாளம் தெரிவது கழற்சிக்காய். கோலிக்குண்டு போன்ற உருண்டை, ஏறத்தாழ 2 செ.மீ. அளவு, பளபளக்கும் சாம்பல் நிறம். உற்றுப் பார்த்தால் மேலே வளையம் வளையமாக மெல்லிய கீறல்கள் தெரியும். வேலியோரம் படரும் முட்கொடியில், முள் நிறைந்த காய்க்குள் ஒன்றிரண்டாக விளைகிறது. பருப்பு ஓட்டை முழுதும் நிரப்பாததால் உள்ளே காற்று தங்கி விதை மிதக்கிறது. நீர் புகாத ஓடு உயிரைக் காக்கிறது; முளைக்கவைக்க விரும்புவோர் அந்த ஓட்டைச் சற்று அராவ வேண்டும். பெண்கள் கழங்காடியதும் சித்த மருத்துவர்கள் விரைவீக்கத்துக்குத் தந்ததும் இந்த விதையையே.

உப்புநீர் விதைகளைக் கொன்றுவிடும் என்ற எண்ணத்தைச் சோதித்தவர் சார்லஸ் டார்வின். 87 வகை விதைகளை 28 நாள் உப்புநீரில் ஊறவைத்தார்; 64 வகைகள் முளைத்தன.

தட்டையாக, கரும்பழுப்பாக, உள்ளங்கையில் அடங்கும் பெரிய விதை கிடைத்தால் அது என்டாடா என்னும் காட்டுக்கொடியினுடையதாக இருக்கலாம். அதன் இரு பருப்புகளுக்கும் இடையே காற்றிடம் உண்டு. மேலே கொட்டலசு என்னும் சிறு கடலுயிரி ஒட்டியிருந்தால், விதை கடலில் பல நாள் மிதந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

விதையென்று மயங்கவைப்பவையும் உண்டு. மணலில் காற்று உருட்டிச் செல்லும் முள்பந்து, இராவணன் மீசைப் புல்லின் கதிர்த்தலை. வெண்மையான நீள்வட்ட ஓடு, கணவாயின் உடலுக்குள் இருந்தது. துளைகள் நிறைந்த லேசான சாம்பல் கல், எரிமலையின் நுரைக்கல்; 1883இல் கிரக்கட்டோவா வெடித்தபின் அத்தகைய கற்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை மிதந்து சென்றன.