மோலும் லிட்டரும்

வேதிவினையில் துகள்கள் எடைக்கு எடை சேர்வதில்லை, எண்ணிக்கைக்கு எண்ணிக்கை சேர்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எண்ண எவராலும் இயலாது என்பதால், 6.02214076 × 10²³ துகள்கள் அடங்கிய தொகுதியை ஒரு மோல் எனக் கொள்கின்றனர். 2019 மே 20 முதல் பன்னாட்டு அலகு முறையில் மோலுக்கு இதுவே வரையறை. ஒரு லிட்டர் கரைசலில் கரைபொருள் எத்தனை மோல் உள்ளது என்பதைக் கூறும் அளவு மோலாரிட்டி. ஆகவே, தேவையான மோல்களை மோலாரிட்டியால் வகுத்தால், எடுக்க வேண்டிய கரைசலின் பருமன் லிட்டரில் கிடைத்துவிடும்.

2 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நடுநிலையாக்க வேண்டும் எனக் கொள்வோம். அந்தக் காரத்தின் ஒரு மோல் 40 கிராம் ஆதலால், 2 கிராம் என்பது 0.05 மோல், இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாக வினைபுரிவதால் அமிலமும் 0.05 மோலே தேவை. 0.1 மோலார் அமிலம் எனில் 0.05 ÷ 0.1 = 0.5 லிட்டர், அதாவது 500 மி.லி. வேண்டும், 0.5 மோலார் எனில் 100 மி.லி. போதும். நீர் சேர்ப்பதால் மோல் எண்ணிக்கை மாறாது என்பதால், கடையில் கிடைக்கும் ஏறத்தாழ 12 மோலார் அடர் அமிலத்திலிருந்து அந்த 500 மி.லி. கரைசலைத் தயாரிக்கவும் இதே வகுத்தல்தான்: 0.05 ÷ 12, சுமார் 4.2 மி.லி.

மாணவர்கள் பெரிதும் தவறுவது வேறோர் இடத்தில். மோலாரிட்டியில் வரும் லிட்டர் கரைசலுடையது, நீருடையது அன்று. ஒரு மோல் சர்க்கரையாகிய 342 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால், கரைசல் சுமார் 1.2 லிட்டராகிச் செறிவு 0.83 மோலாராகத் தாழ்ந்துவிடும். அதனால்தான் முதலில் குறைந்த நீரில் கரைத்து, பின்னர் அளவுக்குடுவையின் கழுத்திலுள்ள கோடு வரை நீர் சேர்க்கின்றனர். அடர் அமிலத்தை நீர்க்கச் செய்கையில் மிகுந்த வெப்பம் வெளிப்படுவதால், அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டுமேயன்றி, நீரை அமிலத்தில் ஒருபோதும் ஊற்றலாகாது.

அடர் அமிலப் புட்டியைத் திறக்குந்தோறும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறிச் செறிவு சற்றே குறைகிறது. எனவே அந்த 4.2 மி.லி. தோராயமே, தயாரித்த கரைசலின் உண்மையான மோலாரிட்டியை, நிறுத்தெடுத்த தூய சோடியம் கார்பனேட்டைக் கொண்டு தரம் பார்த்த பின்பே சீசாவில் எழுத வேண்டும்.