பெயர் பெரியது, பொறுப்பேற்பவர் யார்?

தேங்காய்ப்பட்டணத்தில் பல குடும்பங்கள் வெளிநாட்டு உழைப்பில் வரும் பணத்தை நம்பி வாழ்கின்றன. அந்தச் சேமிப்பைக் குறிவைத்து வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் கிரிப்டோ காயின் விளம்பரங்கள் வருகின்றன. அவற்றில் சில, நாம் சிறு வயது முதல் கேட்டுப் பழகிய பெயர்களைத் தாங்கி வருகின்றன. பெயரைப் பார்த்ததுமே நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பெயர் யாருடையது? நீதிமன்றம் வரை சென்ற இந்தக் கேள்வியை நாமும் அறிந்துகொள்வது நல்லது.

டிரேட்மார்க் எனப்படும் வணிகக்குறியின் நோக்கம் எளிமையானது. ஒரு பெயரைப் பார்த்தால், அந்தப் பொருளைத் தருபவர் இன்னார் என்று மக்களுக்குத் தெரிய வேண்டும். அதனால் அந்தப் பெயருக்கு ஓர் உரிமையாளர் இருக்க வேண்டும். பிளாக்செயின் இதற்கு நேர்மாறானது. அது ஒரே கணக்குப் புத்தகத்தின் பிரதிகளை உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் வைத்திருக்கும் முறை. அதற்கு முதலாளியும் இல்லை, தலைமை அலுவலகமும் இல்லை.

பிட்காயின் இதற்கு முதல் உதாரணம். 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் அதன் திட்டத்தை வெளியிட்டார். அவர் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. இந்த வெற்றிடத்தில்தான் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கிரெய்க் ரைட் நுழைந்தார். தாமே சதோஷி என்றார். தாம் ஆதரித்த வேறொரு காயினே உண்மையான பிட்காயின் என்று வாதிட்டு, 2022-ல் காயின்பேஸ், கிராக்கன் ஆகிய நிறுவனங்கள் மீது இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்தார். வேறொரு வழக்கில் 2024 மார்ச் 14 அன்று லண்டன் உயர் நீதிமன்றம் அவர் சதோஷி அல்ல என்று அறிவித்தது. அவர் போலி ஆவணங்களைத் தயாரித்ததாகவும் பின்னர் வந்த விரிவான தீர்ப்பு கூறியது. உரிமையாளர் இல்லாத பெயருக்கு யார் வேண்டுமானாலும் உரிமை கோரி வரலாம் என்பதை இது காட்டியது.

நம் நாட்டு வழக்கு இதன் மறுபக்கம். வெளிநாட்டில் இருந்த சிலர் 'டாடா காயின்' என்ற பெயரில் கிரிப்டோ விற்றனர். டாடா குழுமத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. டாடா சன்ஸ் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது. எதிர்த்தரப்பினர் இந்தியாவில் இல்லை. இணையதளத்தை இங்கிருந்து பார்க்க முடிகிறது என்பது மட்டும் போதாது. அவர்கள் இந்திய மக்களைக் குறிவைத்ததாகக் காட்ட வேண்டும் என்று கூறி, 2021 அக்டோபரில் தனி நீதிபதி இடைக்காலத் தடை தர மறுத்தார். மேல்முறையீட்டில், 2022 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு தடை வழங்கியது. இந்தியர்கள் அந்தக் காயினை வாங்க எந்தத் தடையும் இல்லாததையும், இங்குள்ளோர் அதில் ஆர்வம் காட்டியதையும் அமர்வு கணக்கில் எடுத்துக்கொண்டது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இப்படிப்பட்ட வழக்கு காப்பது பெயரின் உரிமையாளரை. பெயரை நம்பிப் பணம் போட்டவருக்கு அது பணத்தைத் திரும்பப் பெற்றுத் தருவதில்லை. அவர் தனியே போராட வேண்டும். அனுப்பியவர் யாரென்றே தெரியாத நிலையில் அது எளிதல்ல.

பலருக்கும் பொதுவான ஒரு பெயரைச் சட்டத்தால் காக்கவே முடியாதா? முடியும். நம் மாவட்டத்து மட்டி வாழைப்பழம் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. 'கன்னியாகுமரி மட்டி' என்ற பெயர் தனி ஒருவரின் சொத்து அல்ல. அதை விளைவிக்கும் எல்லோருக்கும் பொது. ஆனால் அதற்கும் முகவரியுள்ள ஓர் அமைப்பு முன்வந்து விண்ணப்பிக்க வேண்டும். சங்கங்களின் உறுப்பினர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கூட்டு வணிகக்குறிக்கும் 1999-ஆம் ஆண்டின் வணிகக்குறிகள் சட்டத்தில் இடமுண்டு. பெயர் பலருடையதாக இருக்கலாம்; பதில் சொல்ல ஒருவராவது இருக்க வேண்டும்.

ஆகவே, பணம் அனுப்பும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேட்போம். இந்தப் பெயருக்கு உரிய நிறுவனம் தன் சொந்த இணையதளத்தில் இந்தக் காயினை அறிவித்திருக்கிறதா? இதை நடத்துபவரின் பெயரும் முகவரியும் தெரியுமா? பிரச்சினை வந்தால் எந்த ஊர் நீதிமன்றத்தில் யார் மீது வழக்குத் தொடுப்பது? பெயரில் 'ஹலால்' என்று சேர்த்திருந்தாலும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒரு சொல்லைச் சேர்ப்பதால் பொறுப்பேற்பவர் கிடைத்துவிடுவதில்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தகவல் தர வேண்டும். வங்கிக் கணக்கு வழியாகச் சென்ற பணத்தை இடையில் நிறுத்த, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

நம் ஊர் நலச் சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் இதில் பாடம் உண்டு. பல ஆண்டு உழைப்பில் நல்ல பெயர் எடுத்த அமைப்பு, அந்தப் பெயரைத் தனி நபர் பெயரில் அல்லாமல் அமைப்பின் பெயரிலேயே பதிவு செய்து வைக்கட்டும். நாளை அந்தப் பெயரைச் சொல்லி வேறொருவர் பணம் திரட்டினால், தடுப்பதற்கு அந்தப் பதிவு கைகொடுக்கும்.